முதலில் கேபிளை மாற்று

போர்டைக் கணினியில் செருகினால் விளக்கு எரிகிறது. ஆனால் கணினிக்கு அப்படி ஒன்று வந்திருப்பதே தெரியவில்லை. சில சமயம் தெரிகிறது. நிரலை ஏற்றச் சொன்னால் ‘நாட் இன் சிங்க்’ என்று பத்து முறை எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. ஆர்டுயினோவைத் தொட்ட எவரும் இந்த இடத்தில் ஒருநாளாவது உட்கார்ந்திருப்பார்கள். வாலாஜாபேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் இன்வெர்ட்டர் போர்டுகளைப் பழுது பார்க்கிறேன். சனி, ஞாயிறுகளில் சுற்றுவட்டாரக் கல்லூரி மாணவர்கள் தங்கள் புராஜெக்டை அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பையன்களில் பலர் சொல்வது: “போர்டு டுபாக்கூர் அக்கா.” பெண்களில் பலர் சொல்வது: “நான்தான் எதையோ கெடுத்துட்டேன் அக்கா.” இதைச் சொல்லும்போது இரு தரப்பிலும் யாரும் எதையும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த இரண்டாவது வாக்கியம் எலக்ட்ரானிக்ஸ் லேபில் கற்றது கிடையாது. மிக்ஸி நின்றுபோனால் “என்ன பண்ண?” என்று கேட்கிற வீட்டில், ஃபியூஸ் போனால் தம்பியைக் கூப்பிடுகிற வீட்டில், “தொடாத, கெட்டுடும்” என்று பத்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு அது. பொருள் ஓடவில்லை என்றால் கடைசியாகத் தொட்டவள் மேல்தான் பழி. அந்தப் பழியை அவளே முந்திக்கொண்டு எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறாள்.

அதனால் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது பாதையை. உங்கள் நிரல் கணினியிலிருந்து போர்டுக்குப் போய்ச் சேர எத்தனை கை மாறுகிறது என்று ஒரு தாளில் வரையச் சொல்வேன். கணினியில் உள்ள மென்பொருள். அதற்குக் கீழே டிரைவர். பிறகு யுஎஸ்பி போர்ட், கேபிள். போர்டின் ஓரத்தில் ஒரு சிறிய மொழிபெயர்ப்பாளர் சிப். மலிவு விலைப் போர்டுகளில் அது பெரும்பாலும் சீனத் தயாரிப்பான சிஎச்340. ஊனோ போர்டில் நிரலை ஓட்டும் ஏடிமெகா328பி சிப்புக்கு யுஎஸ்பி தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டு ஒயர் பேச்சு மட்டும்: ஒன்றில் பேசும், ஒன்றில் கேட்கும். அந்தப் பேச்சில் தாளம் போட மூன்றாவது ஒயர் இல்லை. நொடிக்கு 9600 பிட் என்று ஒப்புக்கொண்டால் இருவரும் தனித்தனியே அந்த வேகத்தைக் காக்க வேண்டும். ஒருவர் 9600, இன்னொருவர் 115200 என்றால் திரையில் குப்பை எழுத்துகள் கொட்டும்.

நிரலை ஏற்றும்போது இன்னொன்றும் நடக்கிறது. கணினி முதலில் போர்டைத் தட்டி எழுப்புகிறது. எழுந்தவுடன் பூட்லோடர் என்ற சிறு நிரல், ஏறத்தாழ ஒரு நொடி, “யாராவது பேசுகிறார்களா?” என்று காது கொடுக்கிறது. அந்த ஒரு நொடிக்குள் சரியான வேகத்தில் யாரும் பேசவில்லை என்றால் அது பழைய வேலையைப் பார்க்கப் போய்விடும். ‘நாட் இன் சிங்க்’ என்பதற்கு அர்த்தம் இவ்வளவுதான்: கூப்பிட்டேன், புரியும்படி பதில் வரவில்லை. யார் கெடுத்தது என்ற பேச்சே அதில் இல்லை.

தாளில் வரைந்து முடித்தால் ஏழெட்டு இடம் வரும். எதிலிருந்து தொடங்குவது?

இதற்கு நான் பின்பற்றும் முறை என் அம்மாவுடையது. அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தவர். தையல் விட்டு விட்டு விழுந்தால் அவர் பார்க்கும் வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் ஊசி: வளைந்திருக்கிறதா, முனை மழுங்கியதா, சரியாக மாட்டியிருக்கிறதா. அடுத்து நூல் வரும் வழி. அடுத்து பாபின். அதற்குப் பிறகே டென்ஷன் திருகு. மிஷினின் டைமிங்கைச் சந்தேகிப்பது கடைசியில். “வெல கம்மியா கீறத மொதல்ல மாத்து. ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்து. ரெண்டு சேத்து மாத்துனா எதுனால சரியாச்சுனு உனக்கே தெரியாது” என்பார். பிழை கண்டுபிடிப்பதைப் பற்றிப் பின்னாளில் பாடப்புத்தகத்தில் படித்தது எதுவும் இதைத் தாண்டிப் போகவில்லை.

ஆனால் அம்மாவுக்கு அந்த வரிசையின் பாதிக்கு மேல் போக அனுமதி இருந்ததில்லை. ஊசியும் நூலும் பாபினும் அவர் பொறுப்பு. மிஷினின் மூடியைத் திறப்பது மெக்கானிக் வேலை. மெக்கானிக் என்றால் ஆண். அவர் வரும்வரை மிஷின் நிற்கும், மணிக்கணக்கு எழுதும் பலகையில் அம்மாவின் எண் குறையும், குறைந்ததற்குச் சூப்பர்வைசரிடம் பதில் சொல்வதும் அம்மாதான். உள்ளே எங்கே கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லக்கூடியவருக்கு ஸ்க்ரூ டிரைவர் கொடுக்கப்படவில்லை. ராணிப்பேட்டை முதல் ஆம்பூர் வரை ஷூ கம்பெனிகளின் தையல் வரிசைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஓட்டுகிறவள் ஒருத்தி, திறக்கிறவர் ஒருவர் என்ற இந்தப் பிரிவினையை அவர்களில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கணினியும் போர்டும் வந்த பிறகு இந்தப் பிரிவினை போய்விட்டதா? ஒரு மாணவியின் புராஜெக்டைச் சொல்கிறேன்.

அவள் அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்பவர். முடி நீக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீர் அமிலம் கலந்த நீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் என்பார்கள். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமும் தெரியாமல் போகும். எங்கள் பகுதியில் கழிவுத் தொட்டி என்றாலே அடிவயிறு கலங்கும். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தது வாயுவால் அல்ல, சேற்றால். தொட்டியை மறக்காமல் இருக்க அந்த நாள் போதும்.

அவள் எடுத்துக்கொண்டது, வாயு கூடினால் மொபைலுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் கருவி. எம்கியூ136 உணரி ஒன்று, ஊனோ போர்டு ஒன்று, சிம் கார்டு போடும் ஜிஎஸ்எம் மாட்யூல் ஒன்று. மனித உயிரை நம்பி ஒப்படைக்கும் தரம் அந்த உணரிக்குக் கிடையாது. மாதிரியாகச் செய்து காட்டலாம். அதை அவளே முதல் பக்கத்தில் எழுதியிருந்தாள். கல்லூரி லேபில் செய்து முடிக்க நேரம் இல்லை. மாலை கல்லூரிப் பேருந்து கிளம்பும்போது பெண்கள் கிளம்பிவிட வேண்டும். ஆண்கள் விடுதிக்காரர்கள் இரவு வரை லேபில் இருக்கலாம். எனவே பலரைப் போல அவளும் ஒரு புராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி, ஒயர் மாட்டிய போர்டை வாங்கி வந்திருந்தாள்.

அது ஓடியது. எஸ்எம்எஸ் சென்டர்காரர் எண்ணுக்கே போனது. அந்த எண்ணை மாற்றி, எச்சரிக்கை அளவையும் மாற்ற அவள் நினைத்தாள். நிரல் ஏறவில்லை. சென்டரில் கேட்டதற்கு, “எதுக்குமா மாத்துற? விவாவுல அப்படியே காட்டு, மார்க் வந்துடும்” என்றார்களாம். என்னிடம் வந்தபோது விவாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. வந்ததும் சொன்ன வாக்கியத்தை நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

தாளில் பாதையை வரைந்தோம். முதலில் கேபிளை மாற்றினோம். அவள் கொண்டுவந்தது பவர் பேங்கோடு வந்தது. யுஎஸ்பி கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு, பேச்சுக்கு இரண்டு என நான்கு ஒயர் இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் பேச்சு ஒயர்கள் இருப்பதில்லை. விளக்கு எரியும், செய்தி போகாது. மாற்றியதும் கணினி, ‘ஏதோ ஒன்று வந்திருக்கிறது, என்னவென்று தெரியவில்லை’ என்றது. அடுத்தது டிரைவர். அதை நிறுவ அட்மின் பாஸ்வேர்டு கேட்டது. லேப்டாப் அண்ணனுடையது, பாஸ்வேர்டு அண்ணனுக்கு மட்டும் தெரியும், அண்ணன் ஓசூரில் ஷிப்டில் இருந்தார். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். லினக்ஸ் கணினியாக இருந்தால் போர்ட்டைத் திறக்கும்போது ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வந்திருக்கும். டயல்அவுட் என்ற குழுவில் நம் பெயரைச் சேர்த்தால்தான் கதவு திறக்கும். அதைச் சேர்க்கவும் அதே பாஸ்வேர்டுதான் வேண்டும்.

அண்ணன் கூப்பிட்டுச் சொன்னார். டிரைவர் ஏறியது, போர்ட் எண் தெரிந்தது. ஆனாலும் ‘நாட் இன் சிங்க்’.

இனி பாதையைப் பாதியாக வெட்ட வேண்டும். கோளாறு மொழிபெயர்ப்பாளர் சிப்புக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. போர்டில் மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ரீசெட் காலை கிரவுண்டோடு ஒரு ஒயரால் இணையுங்கள்; முக்கியச் சிப் தூங்கிவிடும். 0, 1 என்ற இரண்டு கால்களையும் ஒன்றோடொன்று இணையுங்கள். சீரியல் மானிட்டரில் எதையாவது தட்டி அனுப்புங்கள். அனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் மென்பொருள், டிரைவர், போர்ட், கேபிள், மொழிபெயர்ப்பாளர் அனைத்தும் நலம். அவள் தன் பெயரைத் தட்டினாள். பெயர் திரும்பி வந்தது.

எனவே கோளாறு அந்தப் பக்கம். சோதனைக்குப் போட்ட இரண்டு ஒயரையும் எடுத்துவிட்டு, வேறு எதையும் மாட்டாமல் நிரலை ஏற்றினோம். ஏறியது. பிறகு ஒவ்வொன்றாக மாட்டினோம். ஜிஎஸ்எம் மாட்யூலின் இரண்டு ஒயர்கள் 0, 1 கால்களுக்குப் போன உடனே நிரல் ஏறுவது நின்றது. கணினி பேசுவதும் அதே இரண்டு காலில்தான். ஒரே ஒயரில் இரண்டு பேர் கத்தினால் சிப்புக்கு யார் பேச்சும் விளங்காது. சென்டரில் நிரலை ஏற்றிய பிறகு ஒயரை மாட்டியிருக்கிறார்கள். வாங்கியவள் எதையும் மாற்றாதவரை அது ஓடும்.

ஒயரை 7, 8 கால்களுக்கு மாற்றி நிரலிலும் அதைத் திருத்தினாள். கடைசியாக இன்னொன்று: எஸ்எம்எஸ் போகும் நேரத்தில் போர்டு கணினியிலிருந்து காணாமல் போனது. உணரியின் ஹீட்டர் மட்டுமே சுமார் 150 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. ஜிஎஸ்எம் மாட்யூல் சிக்னல் அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை கேட்கும். சாதாரண யுஎஸ்பி போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். மாட்யூலுக்குத் தனி அடாப்டர் கொடுத்து, கிரவுண்டை மட்டும் போர்டோடு சேர்த்தோம். நின்றது.

எல்லாம் சேர்த்து இரண்டு வார இறுதி. நோட்டில் அவள் எழுதியது மூன்றே பத்தி: எதை மாற்றினேன், என்ன நடந்தது, இதனால் எது கோளாறு இல்லை என்று தெரிந்தது. நான்கு கோளாறு கிடைத்தது. ஒன்றிலும் அவள் பெயர் இல்லை.

பழுது கண்டுபிடிப்பதற்குப் புத்திசாலித்தனம் பெரிதாகத் தேவையில்லை. வரிசையும் பொறுமையும் போதும், அது எங்கள் வீட்டுப் பெண்களிடம் ஏராளமாக இருக்கிறது. தேவைப்படுவது வேறு: கடிகாரம் பார்க்காத ஒரு சாயங்காலம், நம் பெயரில் ஒரு கணினி, நமக்குத் தெரிந்த பாஸ்வேர்டு, கெட்டாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய ஒரு போர்டு, உதிரியாக ஒரு கேபிள். 2015இல் டெல்லி மாணவிகள் ‘பிஞ்ச்ரா தோட்’ என்று விடுதி நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்துத் தெருவுக்கு வந்தபோது நூலகமும் இரவும் பேசப்பட்டன. லேபையும் அதில் சேர்க்க வேண்டும். கோளாறு நாலரை மணிக்குப் பேருந்து ஏறுவதில்லை.

அமெரிக்காவில் லியா பீக்லி என்ற பெண், துணியில் தைக்கக்கூடிய லில்லிபேட் என்ற ஆர்டுயினோவை வடிவமைத்தார். 2007இல் அது விற்பனைக்கு வந்தது. வட்ட வடிவம், ஓரத்தில் துளைகள், ஒயருக்குப் பதில் மின்சாரம் கடத்தும் நூல். சில ஆண்டுகள் கழித்து அவரும் ஓர் ஆய்வாளரும் எண்ணிப் பார்த்தபோது, வழக்கமான ஆர்டுயினோ வேலைகளை வெளியிட்டவர்களில் பெண்கள் மிகச் சிலர். லில்லிபேட் வேலைகளில் பெண்களே பெரும்பான்மை. ஊசியை மேசைக்குக் கொண்டுவந்ததும் பெண்கள் வந்தார்கள். இதைப் படித்தபோது தோலில் தையல் விழும் சத்தத்தை வைத்தே கோளாறு சொன்ன அம்மாவை நினைத்துக்கொண்டேன். தையல்காரிகள் இங்கே ஊர் ஊராக இருக்கிறார்கள். மேசைதான் அவர்கள் பக்கம் வரவில்லை.

விவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, “இதை எந்த சென்டர்ல வாங்கினே?” என்பதாம். அவள் பதில் சொல்லவில்லை. 7, 8 கால்களிலிருந்த இரண்டு ஒயரையும் பிடுங்கி 0, 1இல் செருகி, நிரலை ஏற்றச் சொல்லிக் காட்டினாள். பத்து முறை ‘நாட் இன் சிங்க்’ வந்தது. அது ஏன் வருகிறது என்று விளக்கிவிட்டு, ஒயரைப் பழைய இடத்துக்கு மாற்றி, “உங்க நம்பர் சொல்லுங்க சார்” என்றாள்.