கண்ணாடித் தொட்டியும் ஓர் அமானிதமே



மேல்மலையனூர் வட்டாரத்தில் ஏரி மீன் உண்டு வளர்ந்தவர்கள் அனைவரும் சிக்லிட் மீனை அறிவார்கள். அதன் குடும்பப் பெயரைத்தான் அறியமாட்டார்கள். கோடையில் ஏரி வற்றும்போது கூடை கூடையாக விற்கப்படும் ஜிலேபிக் கெண்டை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அது 1952ஆம் ஆண்டு உணவுக்கென இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. சிக்லிட் குடும்பத்தில் இதுவரை 1,600க்கும் மேற்பட்ட இனங்கள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றில் விரல் நீளத்தைத் தாண்டாத சில சிறிய இனங்களை மீன் வளர்ப்போர் குள்ள சிக்லிட் என்று அழைக்கின்றனர். அவற்றால் எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு தவற்றையும், அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதையும் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் மூத்த மகன் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மீன் தொட்டி வேண்டும் என்று கேட்டான். உயிரினங்களை அடைத்து வளர்ப்பது முறைதானா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அனஸ் (ரலி) அவர்களின் சிறிய தம்பி ஒரு சிட்டுக்குருவியை வைத்து விளையாடியதையும், அது இறந்தபோது நபியவர்கள் அந்தச் சிறுவனிடம் பரிவோடு விசாரித்ததையும் எங்கள் பள்ளிவாசல் இமாம் நினைவூட்டினார். உணவும் நலமும் குறையாமல் பேணுவதாக இருந்தால் வளர்க்கலாம் என்று அறிஞர்கள் இதிலிருந்து விளக்கம் பெற்றிருப்பதாகவும் கூறினார். “பேணுவதாக இருந்தால்” என்ற சொல்லை நான் அன்று சரியாகக் காதில் வாங்கவில்லை.

கடைச் சரக்கு எடுக்க மாதம் ஒருமுறை நான் சென்னைக்குச் செல்வது வழக்கம். அம்முறை, வண்ண மீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்ற கொளத்தூருக்கும் சென்றேன். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டி ஒன்றை வாங்கினேன். அதில் ஐம்பது லிட்டருக்குச் சற்று மேல் நீர் கொள்ளும். ஒரு கடையில் நீலமும் மஞ்சளும் மின்ன, கண்ணருகே கறுப்புக் கோடு ஓடும் ஒரு சோடி மீன்களைக் கண்டேன். ‘ராம்’ என்றார்கள். அழகில் மயங்கி, கூடவே நான்கு டைகர் பார்ப் மீன்களையும் சேர்த்து வாங்கினேன். என் ஊர் எது, அங்குள்ள தண்ணீர் எப்படிப்பட்டது என்று கடைக்காரர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று அமாவாசை. அங்காளம்மன் கோயிலுக்கு வரும் பக்தர்களால் எங்கள் ஊர்ப் பேருந்தில் நிற்கவும் இடமில்லை. மீன் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்ற என்னைப் பார்த்து, எலுமிச்சை மாலைப் பையோடு அமர்ந்திருந்த ஓர் அம்மா, “பாய், இங்க குடுங்க, நசுங்கிடப் போவுது” என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திண்டிவனமும் செஞ்சியும் கடந்து ஊர் வந்து சேரும்வரை அந்த ஆறு உயிர்களையும் அவர் அலுங்காமல் காத்தார். பேருந்தில் அவருக்கு இருந்த கவனம் வீட்டில் எனக்கு இல்லாமற்போயிற்று.

அன்றிரவே ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பி மீன்களை விட்டேன். மூன்றாம் நாள் ராம் மீன்கள் நிறம் மங்கி ஒரு மூலையில் ஒதுங்கின. டைகர் பார்ப்கள் அவற்றின் துடுப்புகளைக் கடித்துக்கொண்டிருந்தன. ஐந்தாம் நாள் சுபுஹுத் தொழுகை முடித்து வந்தபோது இரண்டும் இறந்து மிதந்தன. மகன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அத்தா, நாமதான் கொன்னுட்டோமா?” என்று கேட்டான்.

“அல்லாஹ்வின் நாட்டம்” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன்.

சொன்னது பொய்யன்று. ஆயினும், என் அலட்சியத்தை மறைக்க அந்தப் புனிதமான சொல்லைப் பயன்படுத்திக்கொண்டேன் என்பதை நான் அறிவேன். பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அது தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய நபிமொழியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அன்றிரவு அது வேறு விதமாக என் நினைவுக்கு வந்தது. ஏரியில் இருக்கும் மீன் தனக்கேற்ற நீரைத் தேடிச் செல்லும். கண்ணாடிக்குள் இருக்கும் மீனோ, நாம் ஊற்றும் நீரைத்தவிர வேறு போக்கிடம் அற்றது. மறுநாள் மகனை அருகே அமர்த்தி, “ஆமாம்பா, அத்தா கேட்டுத் தெரிஞ்சுக்காம வாங்கிட்டேன். தப்பு என்னோடதுதான்” என்று சொன்னேன். அவன் அழவில்லை. “அப்போ கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்” என்றான்.

பிழைகள் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன. புதிய தொட்டியில் மீனின் கழிவு அமோனியாவாக மாறுகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் வடிகட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நான் ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை. எங்கள் ஊர் நீர் ‘உப்புத் தண்ணீர்’. கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் கடின நீர். அது காரத்தன்மையும் கொண்டது. காரம் மிகுந்த நீரில் அமோனியாவின் நஞ்சும் கூடும்.

ராம் மீனோ தென்னமெரிக்காவில் வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளில் ஒரினோகோ ஆற்றுச் சமவெளியைச் சேர்ந்தது. மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட, 27 முதல் 30 பாகை வரை வெதுவெதுப்பான நீரே அதற்கு ஏற்றது. வெப்பத்தில் எங்கள் ஊர் அதற்குப் பொருந்தும், நீரில் பொருந்தாது. நன்கு பழகிய தொட்டியில் அன்றிப் புதிய தொட்டியில் அதை விடுவதே தவறு.

அடுத்த மாதம் கொளத்தூரில், மீன்களைத் தாமே பொரிக்கவைத்து வளர்க்கும் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். நான் வாயெடுக்கும் முன்பே அவர், “உங்க ஊரு தண்ணி எப்படி பாய்?” என்று கேட்டார். புட்டியில் கொண்டுபோயிருந்த நீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு ஒவ்வொரு மீனாக விளக்கினார்.

அமேசான் பகுதியின் அபிஸ்டோகிராமா மீன்கள் பேரழகு வாய்ந்தவை. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்களும், ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனி மறைவிடமும் வேண்டும். அவற்றில் காக்கட்டூ வகை ஓரளவு கடின நீரைத் தாங்கும். மற்றவை பெரும்பாலும் மென்னீரையே விரும்பும். ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் நத்தை ஓடுகளுக்குள் குடியிருக்கும் சின்னஞ்சிறு மீன்களுக்குக் கடின நீர்தான் வேண்டும். ஆனால் அவற்றைப் பிற மீன்களோடு சேர்க்காமல் தனியாக வைப்பதே நல்லது. நைஜீரியா, கேமரூன் நாடுகளின் ஓடைகளைச் சேர்ந்த கிரிபென்சிஸ் நீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கும் மீன். பெண் மீன் ஏழு சென்டிமீட்டர் அளவும், ஆண் அதைவிடச் சற்றுப் பெரிதாகவும் வளரும்.

என் மனம் ராம் மீனையே நாடிற்று. “ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் வளர்க்கலாமே?” என்றேன். “வளர்க்கலாம். வாராவாரம் ஊத்தணும். உங்களால முடியுமான்னு பாத்துக்குங்க” என்றார். வீட்டில் ஆர்.ஓ. கருவி ஒரு குடம் நீர் தருவதற்கு அதைவிடக் கூடுதலான நீரை வெளியே தள்ளுகிறது. கோடையில் குடத்தோடு தெருவில் வரிசை நிற்கும் ஊர் எங்களுடையது. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் உளூ செய்யும் நீரை வீணாக்கலாகாது என்று போதிக்கப்பட்ட நாம், ஒரு மீனின் நிறத்துக்காக அவ்வாறு செய்யலாமா? ஊர்த் தண்ணீரை மீனுக்காக மாற்றுவதைவிட, ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்வதே சரியெனப்பட்டது. ஒரு சோடி கிரிபென்சிஸுக்குச் சொல்லிவைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

டைகர் பார்ப்களைப் பெரிய தொட்டி வைத்திருந்த நண்பரிடம் ஒப்படைத்தோம். ஆறு வாரங்கள் தொட்டியில் நீரும் ஸ்பாஞ்ச் வடிகட்டியும் செடிகளும் மட்டுமே இருந்தன. அமோனியா ஊற ஊறக் கொஞ்சம் மீன் தீனியை மட்டும் இட்டு வந்தோம். மகன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீரைச் சோதித்து ஏட்டில் குறித்து வந்தான். மாடியில் பிடித்த மழைநீரைக் கால் பங்கு கலந்தோம். கொட்டாங்குச்சி ஒன்றை விளிம்பில் உடைத்துக் குகைபோலக் கவிழ்த்தோம். அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதனை காட்டிய பிறகே மீன்கள் வந்தன. துணைக்கு, நீரின் மேல்மட்டத்தில் திரியும் ஆறு ஜீப்ரா டேனியோக்களை விட்டோம். குள்ள சிக்லிட்கள் அடித்தளத்தைத் தமதாகக் கொள்பவை. தரையில் மேயும் வேறு மீன்களை அதே சிறிய தொட்டியில் சேர்த்தால் சண்டைதான் மிஞ்சும்.

நான்கு மாதங்கள் சென்றபின் பெண் மீனின் வயிறு செர்ரிப் பழம்போலச் சிவந்தது. ஒரு நாள் அது கொட்டாங்குச்சிக்குள் புகுந்து வெளிவர மறுத்தது. பத்து நாட்களுக்குள், பெற்றோர் இருவரும் முன்னும் பின்னும் காவல் வர, தூசுபோன்ற குஞ்சுக் கூட்டம் தரையோரமாக நகரக் கண்டோம். மஃரிபுக்குப் பின் விளக்கை அணைக்கும் வேளையில் தாய் குஞ்சுகளைக் குகைக்குள் திரட்டும். சாந்தமாக இருந்த அந்த மீன்கள் இப்போது டேனியோக்களை மேலேயே நிறுத்தின. தொட்டியில் செடி அடர்த்தியும் மேல்மட்ட மீன்களும் இருந்தமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை.

குஞ்சுகள் பெருகியபோது, ஏரியில் விட்டுவிடலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். ஜிலேபிக் கெண்டை நம் நீர்நிலைகளை நிறைத்து நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்ததை எடுத்துச் சொல்லி மறுத்தோம். பொறுப்பைச் சுமக்க முடியாதபோது அதை ஏரியின் மீது இறக்கிவைப்பது அமானிதத்தைப் பேணுவதாகாது. வளர்ந்த குஞ்சுகளைப் பெரும்பாலும் கொளத்தூர்ப் பெரியவரே எடுத்துக்கொண்டார். சிலவற்றை மகன் தன் வகுப்புத் தோழர்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தான்.

சென்ற மாதம் ஒரு மாலை, அஸ்ருக்குப் பின், வளத்தியிலிருந்து படிக்க வரும் அவனுடைய தோழன் ஒருவன் கையில் ஊறுகாய்ப் புட்டியோடு எங்கள் வாசலில் நின்றான். உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். “இதுல வேணாம்டா, செத்துரும். தொட்டி வாங்கினதும் சொல்லு, நானே வந்து தர்றேன்” என்றான் மகன். பிறகு கேட்டான்: “உங்க வீட்டுத் தண்ணி எப்படி? உப்பா, நல்ல தண்ணியா?”

நம் பொறுப்பில் உள்ள ஒவ்வோர் உயிரையும் அதன் தேவையறிந்து பேணும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.