பாய்மரப் படகில் கழிப்பறையை யார் கழற்றுவது?

நடுக்கடலில் ஒரு பாய்மரப் படகின் கழிப்பறை அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது? ஒருவரையும் கூப்பிட முடியாது. படகில் இருப்பவர்தான் கழற்ற வேண்டும். அவர் ஓய்வுபெற்ற பேராசிரியராக இருக்கலாம், வங்கி அதிகாரியாக இருக்கலாம், படகுக்கே சொந்தக்காரராக இருக்கலாம். கடலில் சேரி கிடையாது. ஆள் அனுப்பச் சொல்ல ஊராட்சி அலுவலகமும் கிடையாது.

இதை நாங்கள் வேலை செய்து தெரிந்துகொண்டோம். விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஐ.டி.ஐ. டீசல் மெக்கானிக் முடித்த மூன்று பேர், கொச்சியில் படகு பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் இரண்டு ஆண்டுகள் இருந்தோம். உலகம் சுற்றும் வெளிநாட்டுப் பாய்மரப் படகுகள் போல்காட்டி மரினாவில் வந்து நிற்கும். எஞ்சின், பேட்டரி, பம்பு என்று வேலை வரும். கழிப்பறையும் வரும்.

அந்தக் கழிப்பறை எப்படி இயங்குகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அரசியல் அதற்குள்ளேயே இருக்கிறது.

பீங்கான் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கைப்பம்பு. சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல ஏற்றி இறக்க வேண்டும். உள்ளே ஒரே ஒரு பிஸ்டன். அதன் மேல்பக்கம் கடல்நீரை இழுத்துத் தொட்டிக்குள் விடும். கீழ்ப்பக்கம் தொட்டியில் உள்ளதை உறிஞ்சி வெளியே தள்ளும். ஒரு சிறிய நெம்புகோலை ஒரு பக்கம் திருப்பினால் தண்ணீர் வரும், மறுபக்கம் திருப்பினால் தண்ணீர் நின்று தொட்டி காலியாகும். கழிவு வெளியேறும் வாயில் வாத்தின் அலகுபோல ஒரு ரப்பர் வால்வு, ஒரு திசையில் மட்டும் திறக்கும். அதற்குப் பெயர் ஜோக்கர் வால்வு. படகின் அடியில் கடல்நீர் வர ஒரு துளை, கழிவு போக ஒரு துளை. இரண்டுக்கும் தனித்தனி அடைப்பு வால்வு உண்டு, சீகாக் என்பார்கள். துறைமுகத்தில் நிற்கும்போது கழிவை நீரில் விடாமல் படகிலேயே உள்ள தொட்டியில் சேர்த்துவைப்பதுதான் முறை.

பழுதும் பெரும்பாலும் சொல்லிக்கொண்டுதான் வரும். காலி செய்த தொட்டியில் கழிவுநீர் திரும்பி வந்து நின்றால் ஜோக்கர் வால்வு போய்விட்டது. கைப்பிடி லேசாக ஏறி இறங்கி, ஒன்றும் இழுக்காவிட்டால் பிஸ்டனில் உள்ள ஓ-ரிங் தேய்ந்திருக்கும். நெம்புகோலைத் திருப்பியும் தண்ணீர் வருவது நிற்காவிட்டால் மேல் கேஸ்கெட். கைப்பிடித் தண்டைச் சுற்றிக் கசிந்தால் அங்குள்ள சீல். கைப்பிடி கல்போலக் கனத்தால் வெளியேறும் குழாயில் அடைப்பு. குழாயில் துணியைத் தேடுவார்கள், ஆனால் பல நேரம் அங்கே இருப்பது சுண்ணாம்பு. சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்து உள்சுவரில் வெள்ளையாகப் படியும். ஒன்றரை அங்குலக் குழாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குச் சுருங்கியதைப் பார்த்திருக்கிறோம். ஆரம்பமாக இருந்தால் வினிகர் ஊற்றி ஊறவைத்தால் கரையும். முற்றிவிட்டால் குழாயைக் கழற்றிக் கரையில் போட்டு அடிக்க வேண்டும், ஓடு ஓடாக உதிரும்.

இனி வேலையின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் முப்பது நாற்பது முறை பம்பை அடித்துச் சுத்தமான நீரைக் குழாய் முழுக்க ஓடவிட வேண்டும். பிறகு இரண்டு சீகாக்குகளையும் மூட வேண்டும். தொட்டி நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், மூடாமல் கழற்றியதும் கடல் உள்ளே வரும், படகே மூழ்கும். அடுத்து மேல்தளக் கதவைத் திறந்து காற்று வரவிட வேண்டும். அதன் பிறகுதான் கையுறை, அதன் பிறகுதான் திருப்புளி. கழற்றி, ரப்பர் பாகங்கள் எல்லாம் ஒரே பையில் வரும் சர்வீஸ் கிட்டைப் பிரித்து மாற்றி, சிலிகான் கிரீஸ் தடவிப் பூட்டினால் முடிந்தது. கைபழகியவருக்கு ஒன்றிரண்டு மணி நேர வேலை.

கையுறை நான்காவதாகத்தான் வருகிறது. நாங்கள் சொல்ல வந்த விஷயமே இதுதான். அந்தக் கைப்பம்பை வடிவமைத்த பொறியாளர், இதைப் பயன்படுத்துகிறவரே ஒருநாள் இதைத் திறப்பார் என்று நினைத்து வடிவமைத்தார். அதனால்தான் அடைப்பதற்கு வால்வு வைத்தார், உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டும்படி திருகுகளை வைத்தார், தேயும் பாகங்களை ஒரே பையில் போட்டார், படம் போட்ட கையேடும் கொடுத்தார். நம் ஊர்ப் பாதாளச் சாக்கடையை அமைத்தவர் அதைத் திறக்கப்போகும் கை தன்னுடையது என்று ஒருநாளும் நினைக்கவில்லை. அடைத்தால் இறங்க ஒரு மனிதன் வருவான் என்பதும் அந்தத் திட்டத்தில் எழுதப்படாத ஒரு பாகம். எந்தத் தெருவிலிருந்து வருவான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று. நாள்கணக்கில் மூடிக்கிடந்த படகில் பம்பை முதல்முறை அடித்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். உள்வரும் குழாயில் தேங்கிய கடல்நீரில் நுண்ணுயிர்கள் செத்து அழுகுவதால் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அது. அங்கே அளவு மிகக் குறைவு, கதவைத் திறந்தால் போய்விடும். சாக்கடைக் குழிக்குள் நம் ஆட்களைக் கொல்லும் வாயுக்களில் முக்கியமானதும் இதுதான். காற்றில் 100 பி.பி.எம். அளவைத் தாண்டும்போது மூக்கு மரத்துப்போகிறது. நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும்போது ஆபத்து கூடியிருக்கிறது. அளவு இன்னும் ஏறினால் ஓரிரு மூச்சிலேயே மயங்கி விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். இதற்குக் கையுறை என்ன செய்யும்?

இப்போது பட்டறைக்கு வருவோம். முதல் இரண்டு மாதம் வேலை முறைவைத்து வந்தது. ஒருநாள் டீ குடிக்கும்போது மேஸ்திரி எங்கள் ஊரைக் கேட்டார். அவர் நம் பக்கத்து மாவட்டத்துக்காரர். ஊரைச் சொன்னோம். "ஊர்ல எந்தப் பக்கம் தம்பி?" என்றார். அதையும் சொன்னோம். அடுத்த வாரத்திலிருந்து கழிப்பறை வேலை எங்கள் மூவருக்கு மட்டும் வந்தது. எஞ்சின் வேலை மற்றவர்களுக்குப் போனது. யாரும் சாதிப்பெயரைச் சொல்லவில்லை. "உங்களுக்குத்தாம்பா அது நல்லா வருது" என்றார், அவ்வளவுதான். அந்த வேலையைக் கையேட்டைப் பார்த்து, அதே பட்டறையில், மற்றவர்களோடு சேர்ந்துதான் நாங்களும் கற்றிருந்தோம்.

அன்றிரவு அறையில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். செத்த மாட்டை இழுப்பதை நிறுத்தச் சொன்னவர் அம்பேத்கர், நாம் கொச்சிவரை வந்து இதைச் செய்வதா, நாளைக்கே மறுத்துவிடுவோம் என்றார் ஒருவர். இது பம்பு வேலை, நல்ல கூலி, மறுத்தால் இது இழிவான வேலை என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார் இன்னொருவர். இரண்டிலும் நியாயம் இருந்தது. விடியும்போது ஒரு முடிவுக்கு வந்தோம்: வேலையை மறுப்பதில்லை, வேலை நம்மோடு ஒட்டிக்கொள்வதைத்தான் மறுக்க வேண்டும்.

மேஸ்திரியிடம் போய்ச் சொன்னோம்: "அண்ணே, ஒரு படகைக் குடுத்தா எஞ்சினும் கழிப்பறையும் சேத்துக் குடுங்க. பிரிச்சுக் குடுத்தா ரெண்டும் வேணாம்." சிரித்தார். பிறகு கோபப்பட்டார். சீசன் நேரம், படகுகள் வரிசையில் நின்றன. பத்து நாள் எங்களுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. பதினோராம் நாள் சுவரில் ஒரு பலகை வந்தது: படகின் பெயர், ஆளின் பெயர், முறைப்படி. படகின் எல்லா வேலையும் அந்த ஆளுக்கு. ஒருவர் பட்டறையை விட்டே போனார். மற்றவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே செய்தார்கள், பிறகு சுளிக்காமல் செய்தார்கள். அவர்களுக்கு ஜோக்கர் வால்வு மாற்றக் கற்றுக்கொடுத்தது நாங்கள்தான்.

தோழர்களே, இதைச் சட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். கையால் மலம் அள்ளும் வேலையில் ஆட்களை அமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டம் 1993-இல் வந்தது. போதாதென்று 2013-இல் இன்னொரு சட்டம் வந்து, அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று, அம்பேத்கர் நினைவுநாளில், நடைமுறைக்கு வந்தது. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொல்லி 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் 2013 சட்டத்தின் விளக்கப் பகுதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. அரசு அறிவித்த கருவிகளோடும் பாதுகாப்பு உடையோடும் செய்தால், அவர் கையால் மலம் அள்ளுபவராகக் கருதப்படமாட்டார். அதாவது கையுறையை மாட்டிவிட்டால் சாதி மறைந்துவிடும் என்பது சட்டத்தின் நம்பிக்கை.

படகு நமக்குக் காட்டுவது வேறு. அங்கே கையுறைக்கு முன்னால் மூன்று படிகள் உண்டு, மனிதன் உள்ளே இறங்கவும் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், பயன்படுத்துகிறவரே பழுதும் பார்ப்பார் என்ற எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணம் இல்லாத இடத்தில் கையுறை கொடுப்பது, அதே ஆளை அதே குழிக்கு அனுப்புவதற்கான அனுமதிச் சீட்டு.

பொறியியல் படிக்கிறவர்கள் ஒரு கழிவுநீர்த் திட்டத்தைப் பார்க்கும்போது, அடைத்தால் யார் திறப்பார், எதை மூடிவிட்டுத் திறப்பார் என்று கேளுங்கள். விடுதியில் தங்கியிருக்கிறவர்கள், உங்கள் செப்டிக் டேங்கைக் கடைசியாகத் திறந்தது யார், உறிஞ்சும் லாரி வந்ததா, ஆள் இறங்கினாரா என்று வார்டனிடம் கேளுங்கள். அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்றும் கேளுங்கள். பதில் ஒவ்வொரு முறையும் ஒரே தெருவாக இருந்தால், முதலில் பழுதுபார்க்க வேண்டியது எது என்று உங்களுக்கே தெரியும்.

ஜெய் பீம்.