ஆலோசனை விற்பவர்களின் அலுவலகம்

அரியலூர் மண் சுண்ணாம்புக்கல்லுக்குப் பெயர் பெற்றது. 1979ஆம் ஆண்டில் அரசு சிமெண்ட் ஆலை அமைந்த அவ்வூரைச் சுற்றித் தனியார் ஆலைகளும் சுரங்கங்களும் பெருகின. அவற்றுக்கு நில அளவையும் சுற்றுச்சூழல் அறிக்கையும் தயாரித்துக் கொடுக்கும் சிறு ஆலோசனை நிறுவனங்களும் உள்ளன. அத்தகைய ஒன்றில், பெரம்பலூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் சென்று, மூன்றாண்டுகள் பணியாற்றினேன்.

முதலாளியுடன் சேர்த்து நாங்கள் ஏழு பேர். 'நாம் ஒரு குடும்பம்' என்பார் அவர். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு அழைக்கும்போது நாங்கள் குடும்பத்தினர். சம்பளம் கேட்கும்போது கூலியாட்கள்.

பெரிய சுரங்கத்துக்கு அனுமதி கோருவோர், மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவம் முழுவதும் காற்றிலுள்ள தூசியை அளந்து காட்டவேண்டும். எங்கள் முதலாளியோ, எங்களை ஒரு வார்த்தை கேளாமல், ஒரே மாதத்தில் அறிக்கை தருவதாக வாக்களித்துவிட்டார். "அளக்காத நாட்களுக்கு என்ன எழுதுவது?" என்று கருவியை இயக்கிய இளைஞர் கேட்டார். "சம்பளம் வாங்குபவர் கேள்வி கேட்கலாகாது" என்று பதில் வந்தது. அவர் எழுத மறுத்து விலகினார். இரண்டு மாதச் சம்பளம் அவருக்குக் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் நானும் விலகினேன். அந்த எண்களை நம்பி மூச்சுவிடப் போகிறவர்கள் சுரங்கத்தை அடுத்த ஊர்மக்கள் அல்லவா?

ஆலோசனையை விற்பவருக்கே ஆலோசனை கேட்கும் பழக்கம் இல்லை. நம் மார்க்கத்திலோ மஷூராவுக்குத் தனி மதிப்பு உண்டு. திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்தின் பெயரே 'அஷ்ஷூரா'. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில், பாரசீகத்திலிருந்து வந்தவரான ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்களின் யோசனையை ஏற்றே நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் அகழ் வெட்டச் செய்தார்கள்; தாமும் மண் சுமந்தார்கள்.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்க வேண்டும் என்பதை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். நாட்டின் சட்டமும் அதையொட்டியே பேசுகிறது. மாத ஊதியம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வழங்கப்பட வேண்டும். விலகுபவருக்கு இரண்டு வேலைநாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம்.

பெற்றோர்களே! பிள்ளைகளுக்கு வேலை கிடைத்ததும் "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கிறோம். எந்தத் தேதியில் தருவார்கள், தவறான ஒன்றை எழுதச் சொன்னால் மறுக்க இடமுண்டா என்பவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். நம்மிடையே கடையும் அலுவலகமும் நடத்துவோர் இவற்றைத் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.