தளர்த்திக் கட்டிய தொட்டில்

சாரணியர் பாசறை பற்றிய கடிதத்தை விடுதியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனபோது என் மனதில் இருந்தது ஒரே கேள்விதான். வாப்பா விடுவாரா? ஓர் இரவு முழுதும் வெளியில் தங்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண் பிள்ளையும் அப்படிப் போனதில்லை.

வாப்பா இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ராகலை பஸாரில் கடையைப் பூட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், "எங்க படுக்கிற? நிலத்திலயா?" என்று கேட்டார். உம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கேள்வியே அனுமதி என்பது எங்கள் இருவருக்கும் விளங்கியது.

கூடாரங்கள் போதாததால், மூத்த மாணவிகளில் விரும்பியவர்கள் மரத்தில் கட்டும் தொங்கு படுக்கை கொண்டு வரலாம் என்று பொறுப்பாசிரியை சொல்லியிருந்தார். ஹமொக் என்று கடைகளில் கேட்டால் தருவார்கள். அடுத்த ஞாயிறு வாப்பாவும் நானும் கந்தப்பளை வழியாகப் பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போனோம்.

கடையில் மூன்று வகை இருந்தன. ஒன்று கயிற்று வலை. மற்றொன்று இரு தலைப்பிலும் மரச்சட்டம் வைத்து, கட்டில் போல விரித்துப் பிடித்திருந்த பருத்தித் துணி. மூன்றாவது பரசூட் துணி என்று அவர்கள் சொன்ன மெல்லிய நைலோன். சுருட்டினால் ஒரு பாண் இறாத்தல் அளவுதான் இருந்தது. எனக்குச் சட்டம் வைத்ததுதான் பிடித்தது. தட்டையாக இருக்கிறதே, சுகமாக இருக்கும் என்று நினைத்தேன். கடைக்காரர் அதைக் கொக்கியில் மாட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்து காலைத் தூக்கியதும் அது ஒரு பக்கம் சரிந்தது. வாப்பா கையைப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன். சட்டத்தில் பாரம் உயரத்தில் நிற்கும், ஆள் கொஞ்சம் அசைந்தாலும் கவிழும்.

முப்பது வருடம் துணி விற்றவர் வாப்பா. பருத்தியை விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்து, "இது நல்ல துணிதான். ஆனா எங்கட பனியில நனைஞ்சா எப்ப காயும்?" என்றார். வலைக் கயிறு முதுகில் பதியும் என்றார். கடைசியில் நைலோனை வாங்கினோம். அதன் நீளம் ஏறத்தாழ 3 மீற்றர். மெல்லிய கயிறு மரத்தின் பட்டையை அறுக்கும் என்பதால் இரண்டு அகலமான பட்டிகளும் சேர்த்து வாங்கினோம்.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு சவுக்கு மரங்கள் இருக்கின்றன. அன்று மாலையே அவற்றில் கட்டினேன். படுக்கை நேராக இருக்க வேண்டும் என்று என் பலமெல்லாம் கூட்டி இழுத்து இறுக்கினேன். ஏறிப் படுத்தால் துணி இரண்டு பக்கமும் எழும்பி என் தோள்களை நெரித்தது. முதுகு வளைந்து, புரளவும் பயமாக இருந்தது. வாங்கியது பிழை என்று நினைத்து அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து ஆயம்மா வந்தார். எங்கள் பஸாருக்கு மேலேயுள்ள தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இப்போது அதைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறார்கள். லயத்தில் எல்லோருக்கும் இன்னும் பிள்ளைக் காம்பராதான். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விடிய வந்து பிள்ளைகளை அவரிடம் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறுவார்கள். கைக்குழந்தைகளுக்கு மேலே வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும்.

"என்னா பாப்பா, கொடிக்கம்பி மாதிரி இழுத்துக் கட்டியிருக்க? உடுப்பு காயப் போடவா?" என்று கேட்டுவிட்டு, என்னிடம் அனுமதி கேட்காமலே பட்டியை அவிழ்த்தார். "தொட்டில்னா தொங்கணும். வயிறு நல்லா கீழ எறங்கணும். அப்பதான் புள்ளைக்கு முதுகு நிமிரும்."

தளர்த்திக் கட்டினார். நடுப்பகுதி ஒரு கதிரையின் உயரத்துக்கு இறங்கியது. பிறகு என்னைப் படுக்கச் சொல்லி, "நேரா படுக்காத, கோணலா படு. தலை இந்தப் பக்கம், காலு அந்தப் பக்கம்," என்று என் கால்களைப் பிடித்து நகர்த்தினார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அதே துணி எனக்குக் கீழே தட்டையாக விரிந்தது. தோளை நெரித்த ஓரங்கள் விலகிப் போயின.

அடுத்து, "கம்பளி எங்க?" என்றார். போர்த்துக்கொள்ள வைத்திருந்ததைக் காட்டினேன். "மேல அப்புறம். மொதல்ல கீழ போடு. குளிர் கீழ இருந்துதான் வரும்." கடலிலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தை, மாசியில் புல்லில் உறைபனி படியும், எங்கள் ராகலைக் குளிரும் அதற்குச் சளைத்ததல்ல. தொங்கும் படுக்கையின் அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்வை போர்த்தாலும் முதுகு விறைக்கும். மலைக் குளிரில் ஹமொக் வாங்குபவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

ஆயம்மா போன பிறகு உம்மா தேத்தண்ணீரோடு வந்து பக்கத்தில் நின்றார். "நீ படுத்த முதல் தொட்டிலும் அவ கட்டினதுதான், தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. நான் பிறந்தபோது உம்மாவுக்குக் கடும் சுகவீனம். உம்மும்மா மௌத்தாகி அப்போது இரண்டு மாதம்தான். வீட்டில் வேறு பெண்கள் இல்லை. வேலை முடிந்து லயத்துக்குப் போக வேண்டிய ஆயம்மா, நாற்பது நாளும் மாலையில் எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்திருக்கிறார். உம்மாவின் பழைய சேலையை வளையில் கட்டி, அதில் என்னைப் போட்டு, நான் நித்திரையான பிறகுதான் இருட்டில் மலை ஏறுவாராம். "காசு குடுத்தா வாங்க மாட்டா. வாப்பா பெருநாளைக்கு ஒரு சேலை குடுப்பார், அதை மட்டும் வாங்குவா."

எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்து நெஞ்சைக் குத்தியது. விடுதியில் ஒருமுறை சிநேகிதிகள் லயத்துப் பிள்ளைகள் எப்படிச் சேலைக்குள் நித்திரை கொள்கிறார்கள் என்று சிரித்துக் கதைத்தபோது, "எங்கட வீட்டில எல்லாம் அப்படியில்ல" என்று முந்திக்கொண்டு சொன்னவள் நான். உம்மாவிடம் அதைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "இனித் தெரியும்தானே," என்றார்.

பாசறைக்கு முந்தைய வாரம் பௌதிகவியல் ஆசிரியையிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் கரும்பலகையில் விசைப்படம் கீறினார். பட்டி கிடையோடு 30 பாகை சாய்ந்திருந்தால், 50 கிலோ நிறையுள்ள ஒருவர் படுக்கும்போது ஒவ்வொரு பட்டியும் 50 கிலோ பாரத்தைத் தாங்கும். இறுக்கி இழுத்து 10 பாகை ஆக்கினால் அது ஏறத்தாழ 144 கிலோ ஆகிவிடும். 5 பாகை என்றால் 280 கிலோவுக்கும் மேல். இறுக்க இறுக்கப் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் முடிச்சும் மரமும் துணியும் அறுபடும் எல்லைக்குப் போகின்றன. ஆயம்மா சைன் கோசைன் படித்தவரல்ல. ஆனால் அவர் கட்டிய சாய்வு 30 பாகைக்குக் கிட்டத்தான் இருந்தது.

ஆசிரியை இன்னொன்றும் சொன்னார். ஹமொக் என்ற சொல் கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களுடையது. 1492இல் அங்கு போன கொலம்பஸின் ஆட்கள் அதைப் பார்த்தார்கள். பின்பு ஐரோப்பியக் கப்பல்களில் மாலுமிகளின் படுக்கையாயிற்று. இன்று கடையில் வாங்குவது அதைத்தான். எங்கள் வளைகளில் தொங்கியது யாரும் விற்காத அதே அறிவு.

இதை வாசிக்கும் தாய்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கைக்குழந்தையை மல்லாக்காக, தட்டையான உறுதியான படுக்கையில் கிடத்துவதே பாதுகாப்பு என்று மருத்துவர்கள் இப்போது சொல்கிறார்கள். துணித் தொட்டிலில் பெரிய பிள்ளைகள் ஊஞ்சலாடி, கழுத்தில் சேலை முறுக்கி இறந்துபோன செய்திகளும் வந்திருக்கின்றன. இதை ஆயம்மாவிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "சரிதான் பாப்பா. நான் ஒரு நாளும் தொட்டில விட்டு அங்கிட்டு போனதில்ல. காலையில ஒவ்வொரு கயித்தையும் ரெண்டு கையால தொங்கிப் பாப்பேன். அப்புறந்தான் புள்ளையப் போடுவேன்," என்றார்.

பாசறை ஒரு தோட்டப் பாடசாலையின் மைதானத்தில் நடந்தது. ஆசிரியைகளின் கூடாரத்துக்குப் பக்கத்து மரங்களில் நாங்கள் நான்கு பேர் கட்டினோம். மேலே தறப்பாள், கீழே கம்பளி. மற்ற மூவரும் இறுக்கித்தான் கட்டியிருந்தார்கள். நான் போய்த் தளர்த்திவிட்டேன். யார் சொல்லித் தந்தது என்று கேட்டார்கள். இந்த முறை மறைக்கவில்லை. பிள்ளைக் காம்பரா ஆயம்மா, நான் பிறந்தபோது என்னையும் தொட்டிலில் போட்டவர் என்றேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஒருத்தி மெதுவாக, "என்னையும் அப்படித்தான்," என்றாள்.

நடுச்சாமத்தில் பொறுப்பாசிரியை டோர்ச்சோடு வந்து ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துப் போனது அரை நித்திரையில் தெரிந்தது. அதன் பிறகு சுபஹுக்கு எழுப்பும்வரை நன்றாகத் தூங்கினேன், அல்ஹம்துலில்லாஹ்.

வீட்டுக்கு வந்ததும் ஆயம்மாவைக் கூப்பிட்டேன். சவுக்கு மரங்களில் படுக்கையைக் கட்டி, ஏறிப் படுக்கச் சொன்னேன். எத்தனையோ பிள்ளைகளைத் தூங்க வைத்தவர், தாம் இப்படி ஒன்றில் படுத்ததே இல்லையாம். வெட்கப்பட்டு மறுத்தார். உம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார். வாப்பா கடைக்குள் போய் ஒரு புதுக் கம்பளி எடுத்து வந்தார்.

ஆயம்மா படுப்பதற்கு முன், இரண்டு கையாலும் பட்டியில் தொங்கிப் பார்த்தேன்.