போனில் பார்த்த புடவை, காஞ்சியில் தொட்ட புடவை

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவுடன் காதில் விழும் முதல் கேள்வி, "கோயிலா, பட்டா?" என்பதுதான். இரண்டில் எதைச் சொன்னாலும் சில ஆட்டோக்கள் கடைசியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில்தான் நிற்கும். ஏகாம்பரநாதரைச் சேவிக்கக் கிளம்பியவர்கள் கையில் கட்டைப் பையோடு ஊர் திரும்புவது இங்கே புதிதல்ல. ஆளைக் கூட்டி வந்தவருக்குக் கமிஷன் உண்டு. அது புடவையின் விலையில்தான் எங்கேயோ ஒளிந்திருக்கும்.

தாம்பரத்திலிருந்து வந்திருந்த அந்தக் குடும்பம் ஆட்டோ ஏறவில்லை. அம்மா, மகள், அத்தை என மூன்று பேர். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை எடுக்க வேண்டும். மகளுடைய போனில் பதினேழு புடவைகள் ஸ்க்ரீன்ஷாட்டாக இருந்தன. "பேசாம இதுலயே ஆர்டர் போட்டுடலாம்மா. பிடிக்கலைன்னா ரிட்டர்ன் பண்ணிக்கலாம்" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "தாலி கட்டிக்கப்போற புடவையைத் தொட்டுப் பார்க்காம எப்படிடீ வாங்கறது?" என்பது அம்மா கட்சி. அத்தை நடுவில். அவர் போன தீபாவளிக்கே ஆன்லைனில் ஒரு 'காஞ்சிபுரம்' வாங்கி, அதை இன்னும் பிரித்துக் கட்டாமல் வைத்திருப்பவர். ஏன் கட்டவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

காந்தி ரோட்டில் ஒரு கடை. பாய் விரித்த மேடை, சுவர் முழுக்க அலமாரி. மகள் முதல் ஸ்க்ரீன்ஷாட்டை நீட்டினாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார் வயதான விற்பனையாளர்.

"டிசைன் இருக்கு பாப்பா. ஆனா இந்தக் கலர் இந்த போனைத் தவிர வேற எங்கயும் கிடைக்காது."

சொன்னதோடு நிற்கவில்லை. மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவையை உதறி விரித்தார். உட்கார்ந்து பார்த்தால் நீலம். எழுந்து நின்று பார்த்தால் பச்சை. மடிப்பில் இரண்டும் சேர்ந்து வேறு ஏதோ ஒன்று.

இதில் மாயம் ஏதுமில்லை. நீளவாக்கில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை இன்னொரு நிறம். வெளிச்சம் விழும் கோணத்துக்கு ஏற்ப ஒன்று முந்தும், மற்றது பின்வாங்கும். போட்டோ பிடிப்பது ஒரு கோணத்தை, ஒரு நொடியை மட்டும். அதற்கு மேல் ஸ்டூடியோ விளக்கு, எடிட்டிங், ஒவ்வொரு போன் திரைக்கும் உள்ள தனி நிறவாக்கு. எம்.எஸ்.சுப்புலட்சுமி கட்டிப் புகழ்பெற்ற 'எம்.எஸ். புளூ'வை ஆன்லைனில் தேடினால், கறுப்பை ஒட்டியதிலிருந்து ஆகாய நீலம் வரை அத்தனையும் அதே பெயரில் வந்து நிற்கும். அவற்றில் எதை அந்த அம்மா கட்டியிருப்பார் என்று யோசித்தால் சிரிப்புதான் வரும்.

கடைக்குள் எரியும் எல்.இ.டி. விளக்கும் யோக்கியம் கிடையாது. அதன் கீழே மாந்துளிர் நிறமும் அரக்கும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் புடவையை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். அத்தை அதைத்தான் கேட்டார். கடைக்காரர் முகம் சுளிக்காமல் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். வாசலுக்குக் கொண்டுபோகத் தயங்கும் கடை என்றால், அடுத்த கடைக்கு நடந்துவிடலாம். காந்தி ரோட்டில் அடுத்த கடை பத்தடி தூரம்தான்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். புடவையைத் திருப்பிப் போட்டார்.

காஞ்சிப் பட்டின் பெருமை பின்பக்கத்தில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை முற்றிலும் வேறு நிறம் என்றால், இரண்டையும் தனித்தனி நாடா ஓட்டி நெய்து, ஓரத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போக வேண்டும். அதற்குப் பெயர் கோர்வை. இரண்டு பக்கமும் கரை என்பதால் மொத்தம் மூன்று நாடாக்கள். ஒருவரால் ஓட்டி மாளாது. நெய்பவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு பக்க நாடாவைத் தள்ளிக்கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அது மனைவியாகவோ வீட்டுப் பிள்ளையாகவோ இருக்கும். கரை சேரும் இடத்தில் பொடிப் பல் வரிசை போலத் தெரிவது இந்த வேலைதான்.

முந்தி வேறு நிறமாக இருந்தால் இன்னொரு வேலை உண்டு. உடலின் பாவு இழைகள் முடியும் இடத்தில் முந்தியின் பாவு இழைகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே முறுக்கி இணைப்பார்கள். அதைப் பேட்ணி என்கிறார்கள். உடலும் முந்தியும் சேரும் இடத்தில் குறுக்காக ஒரு தடம் தெரியும். விரலால் தடவினாலே கைக்குத் தட்டுப்படும். ஆன்லைன் விளம்பரங்களில் முந்தியை விசிறி மாதிரி விரித்துக் காட்டுவார்கள். பின்பக்கத்தைக் காட்டுகிறவர்கள் அபூர்வம். காட்டுகிறவர்களிடம் தைரியமாக வாங்கலாம் என்பது ஒரு நல்ல கணக்கு.

பிறகு ஜரிகை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் பூசியது. பூச்சிலுள்ள தங்கம் மொத்த எடையில் நூற்றுக்கு ஒரு பங்குகூட வராது. மதிப்பெல்லாம் வெள்ளியில்தான். அதனால் வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் புடவை விலையும் ஏறுகிறது. ஜரிகையின் ஓரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் எட்டிப்பார்க்க வேண்டும். வெள்ளையாகவோ செம்புக் கம்பியாகவோ தெரிந்தால் அது வேறு ரகம். வேறு ரகம் வாங்குவது குற்றமில்லை. அந்த ரகத்துக்கு அசல் விலை கொடுப்பதுதான் வயிற்றெரிச்சல். தமிழக அரசே இந்த ஊரில் ஜரிகைத் தொழிற்சாலை நடத்துகிறது. ஜரிகையில் எவ்வளவு வெள்ளி, எவ்வளவு தங்கம் என்று சொல்லும் எந்திரங்களும் வந்துவிட்டன. கேட்டால் சோதித்துக் காட்டும் கடைகள் இருக்கின்றன. கேட்கத்தான் பலருக்குக் கூச்சம்.

அந்தக் கூச்சம்தான் ஆன்லைன் கடைகளின் மூலதனம். பட்டுக்கடைக்குள் நுழைந்ததும் "பட்ஜெட் எவ்வளவும்மா?" என்று கேட்பார்கள். சொன்ன தொகைக்கு ஏற்பப் பார்வை மாறும் இடங்களும் உண்டு. நாற்பது புடவைகளை விரிக்கவைத்துவிட்டு வேண்டாம் என்று எழுந்துவர எல்லாருக்கும் மனசு வராது. பிடிக்காததைக் கூச்சத்துக்காகவே வாங்கி வந்து பீரோவில் அடுக்கியவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். மூட்டுவலி உள்ள பாட்டியால் பாயில் உட்கார முடியாது. வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ராத்திரி பதினொரு மணிக்குத்தான் நேரம் கிடைக்கும். போன் யாரையும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. ஐந்நூறு புடவையைத் தள்ளிவிட்டாலும் அதற்குக் கை வலிக்காது.

போனின் வில்லங்கம் வேறு. 'காஞ்சிபுரம் பட்டு' என்ற பெயருக்கு 2005-லிருந்து புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் தேடினால் முதலில் வருவது 'காஞ்சிபுரம் ஸ்டைல்', 'காஞ்சி ஆர்ட் சில்க்', 'செமி சில்க்', 'சில்க் பிளெண்ட்'. விலை 999 ரூபாய், அதிலும் தள்ளுபடி. பெயரில் காஞ்சிபுரம் பெரிய எழுத்தில் இருக்கும், ஆர்ட் சில்க் சின்ன எழுத்தில் இருக்கும். ஆர்ட் சில்க் என்றால் கலைநயமான பட்டு என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. அது ஆர்ட்டிஃபிஷியல், அதாவது செயற்கை இழை. அத்தையின் பிரிக்காத புடவையிலும் அந்தச் சின்ன எழுத்து இருந்தது.

இதெல்லாம் ஆன்லைனில்தான் நடக்கிறது, காஞ்சிபுரத்துக்குள் நடப்பதில்லை என்று சொன்னால் அது பொய். கைத்தறிக்கென்று 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய ரகங்கள்கூட விசைத்தறியில் ஓடிவந்து, கோபுர நிழலிலேயே கைத்தறிப் பட்டாக விற்கப்படுவதுண்டு. காஞ்சிபுரத்தில் வாங்கியது என்பதும் காஞ்சிபுரத்தில் நெய்தது என்பதும் ஒன்றல்ல. அதனால் லேபிள் பார்க்க வேண்டும். மத்திய பட்டு வாரியத்தின் கீழ் வரும் 'சில்க் மார்க்' முத்திரை, இழை தூய பட்டு என்று மட்டும்தான் சொல்லும். ஜரிகை அசலா, தறி கையால் ஓடியதா என்று அது சொல்லாது. கைத்தறிக்குத் தனி முத்திரை உண்டு. இரண்டையும் பார்ப்பது நல்லது.

குடும்பம் அடுத்து போனது ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனைக் கூடத்துக்கு. அறிஞர் அண்ணா, காமாட்சியம்மன், முருகன், திருவள்ளுவர் என்று பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இந்த ஊரில் பல. இங்கே ஏ.சி. காற்றும் ரோஸ் மில்க்கும் எதிர்பார்க்கக் கூடாது. பேரமும் கிடையாது. நெய்பவர்களே உறுப்பினர்கள். அவர்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து, கூலி கொடுத்து, புடவையை வாங்கி விற்கிறது சங்கம். ஒட்டிய விலைதான் விலை. பேரம் பேசியே பழகிய அம்மாவுக்கு முதலில் கை உடைந்த மாதிரி இருந்தது. பத்து நிமிஷத்தில் அதுவே நிம்மதியாகவும் ஆகிவிட்டது. யாருக்கோ குறைத்துக் கொடுத்து நமக்குக் கூட்டிவிட்டார்களோ என்ற அரிப்பு இல்லை.

இந்தப் புடவைகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க பிள்ளையார்பாளையம் வரை நடந்தால் போதும். காலையில் சில தெருக்களில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். வீடுகளுக்குள்ளே குழித்தறி. நெய்பவரின் கால் குழிக்குள் மிதியை மிதிக்க, மேலே ஜக்கார்டு அட்டை நகரும். வேலைப்பாடு அதிகமுள்ள ஒரு முகூர்த்தப் புடவைக்கு இரண்டு பேர் உழைப்பில் பத்து நாளும் ஆகும், மூன்று வாரமும் ஆகும். நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. பிள்ளைகள் பலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி பஸ்களில் ஏறிவிட்டார்கள். மாதச் சம்பளம், ஷிஃப்ட், பி.எஃப். எல்லாம் அங்கே இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. 2008-ல் பிரகாஷ்ராஜ் நடித்து வந்த 'காஞ்சிவரம்' படத்தைப் பார்த்தவர்களுக்கு, மகள் கல்யாணத்துக்குப் பட்டு கட்ட ஆசைப்படும் நெசவாளியைத் தெரிந்திருக்கும்.

தறிகளிலும் போன் வந்துவிட்டது என்பதுதான் சமீபத்துக் கதை. கொரோனா காலத்தில் ஊர் பூட்டிக்கிடந்தபோது வாட்ஸ்அப் வீடியோ காலில் புடவை காட்டப் பழகியவர்கள் அதை விடவில்லை. "கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க அண்ணா, ஜன்னல் பக்கம் கொண்டுபோங்க" என்று டொராண்டோவிலிருந்து ஒருவர் கேட்க, காஞ்சிபுரத்தில் ஒருவர் புடவையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு நடக்கிறார். கடைக்கும் ஆன்லைனுக்கும் நடுவில் இது ஒரு மூன்றாவது வழி. கோ-ஆப்டெக்ஸும் இணையத்தில் விற்கிறது. ஒருமுறை நேரில் வந்து தொட்டுப் பார்த்துக் கை பழகியவர்களுக்கு, அடுத்த புடவையை நம்பிக்கையான இடத்திலிருந்து போனில் வாங்குவதில் பெரிய ஆபத்தில்லை. தொடாமலேயே முதல் புடவையை, அதுவும் முகூர்த்தப் புடவையை வாங்குவதுதான் சூதாட்டம்.

ரிட்டர்ன் விஷயத்தில் மகள் சொன்னதிலும் பாதிதான் சரி. ஆன்லைனில் வாங்கியதைக் குறிப்பிட்ட நாளுக்குள் திருப்பலாம். ஃபால்ஸ் தைத்துவிட்டாலோ பிளவுஸ் துணியை வெட்டிவிட்டாலோ கதை முடிந்தது. புடவைக்குக் குறை இருப்பது பெரும்பாலும் தையல்காரர் வெட்டிய பிறகுதான் கண்ணில் படும். கடை பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கு பில் வேண்டும். ஜி.எஸ்.டி. மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்குகிறவர்கள் அந்தக் கதவைத் தாங்களே சாத்திக்கொள்கிறார்கள். பில்லில் 'பட்டுப் புடவை' என்று மொட்டையாக எழுதாமல், கைத்தறியா, என்ன ஜரிகை என்பதையும் எழுதச் சொல்லி வாங்க வேண்டும்.

மதியம் இரண்டரைக்குத்தான் முகூர்த்தப் புடவை முடிவானது. பதினேழு ஸ்க்ரீன்ஷாட்டில் ஒன்றுகூட இல்லை. மயில்கழுத்து உடல், அரக்குக் கரை, கோர்வை, முந்தியில் பேட்ணி. தோளில் போட்டதும் மகள் எதுவும் பேசவில்லை. அம்மா மட்டும் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். அத்தை புடவையைத் திருப்பிப் போட்டு, நகத்தால் ஜரிகையைச் சுரண்டி, சிவப்பு நூலைப் பார்த்துவிட்டு, பில்லை இரண்டு முறை படித்தார்.

சாயங்காலம் பஸ்ஸில் மகள் பையைத் திறந்து, முந்தியை மட்டும் வெளியே இழுத்து ஒரு போட்டோ எடுத்து சிங்கப்பூரிலிருக்கும் அக்காவுக்கு அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது.

"சூப்பர்டீ! ஆனா இது நீலமா, பச்சையா?"

மகள் ஜன்னல் வெளிச்சத்தில் புடவையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். இன்னொரு போட்டோ எடுத்தாள். அதை அழித்தாள். பிறகு டைப் செய்தாள்.

"கல்யாணத்துக்கு வருவேல்ல, அப்பப் பாரு."