பதினோரு பீஸ் குறையுது

என்ன வேலைன்னு கேட்டா 'லாஸ் ப்ரிவென்ஷன்'னு சொல்லுவேன். "இன்ஷூரன்ஸா?"ம்பாங்க. கடையில திருட்டுப் போகாம பாத்துக்குற வேலைன்னு விளக்கினதும் கண்ணு விரியும். அடுத்த கேள்வி ரெடியா இருக்கும்: "இதுவரைக்கும் எத்தனை பேரைப் புடிச்சிருக்கீங்க?"

பதிலைச் சொன்னா சப்புன்னு ஆயிடும் மக்களே. சென்னையில ஒரு பெரிய ஜவுளிக்கடை (பேரு வேணாமே). பாதி நாள் கேமரா திரை முன்னாடி, மீதி நாள் குடோன்ல துணி எண்ணிக்கிட்டு. இதுல எங்க சினிமா சேஸிங் எல்லாம் :-)

கணக்குப்படி இருக்க வேண்டிய சரக்குக்கும் கையில இருக்கிற சரக்குக்கும் உள்ள வித்தியாசம்தான் எங்க தலைவலி. வாங்க வர்றவங்க எடுக்கலாம், வேலை பாக்குறவங்க எடுக்கலாம், சப்ளையர் குறைச்சு அனுப்பலாம், இல்ல எழுதினதுலயே தப்பு இருக்கலாம். ஆனா குறையுதுன்னு தெரிஞ்ச உடனே எல்லாரும் பாக்குறது முதல் ரெண்டைத்தான்.

வாசல்ல கேட் 'பீப்'னு கத்துமே, அது பாவம். டேக்குக்குள்ள ஒரு மெல்லிய உலோகப் பட்டை இருக்கும். கேட்ல இருந்து வர்ற காந்த அலையில அது அதிரும், அலை நின்னப்புறமும் கொஞ்ச நேரம் அதிர்ந்துக்கிட்டே இருக்கும். கேட்டுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். பில் போட்டாச்சா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. நான் பாத்த வரைக்கும் டேக்கைக் கழட்ட மறந்த பில்லிங் தம்பியாலதான் நிறைய தடவை கத்தும். அந்த அஞ்சு நிமிஷம், காசு கொடுத்து வாங்கினவர் முகத்தைப் பாக்கணுமே!

அப்படியே ஒருத்தர் மாட்டினாலும் நம்ம இஷ்டத்துக்கு ரூம்ல அடைச்சு வைக்க முடியாது. 2024 ஜூலையில வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல, 5000 ரூபாய்க்குக் கீழே திருடி, அது முதல் தடவையா இருந்து, பொருளையும் திருப்பிக் கொடுத்துட்டா சமூக சேவைதான் தண்டனை. இதைச் சொன்னப்போ எங்க செக்யூரிட்டி அண்ணன் ஒருத்தருக்கு வந்த வருத்தம் இருக்கே!

சரி, தலைப்புக்கு வர்றேன். ஒரு தீபாவளி முடிஞ்சு ஸ்டாக் எடுத்தப்போ சுடிதார் செக்‌ஷன்ல பதினோரு பீஸ் குறைஞ்சது. அங்க நாலு பொண்ணுங்க. எல்லாம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம், ஹாஸ்டல்ல தங்கி வேலை பாக்குறவங்க. ('அங்காடித் தெரு' பாத்திருப்பீங்க, 2010ல வந்துச்சு. அதிகமா விளக்க வேண்டாம்.) மேனேஜர் ஒரே வரியில முடிச்சுட்டார்: "நாலு பேர் சம்பளத்துலயும் பிரிச்சுப் புடிச்சிருங்க."

நாலு பேர்ல மூத்த பொண்ணு, "அண்ணே, வீட்டுக்குப் பணம் அனுப்பணும்ணே"ன்னு மட்டும் சொல்லிச்சு. அழல. மத்த மூணும் அழுதுச்சுங்க.

விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காம, பொருள் காணலைன்னு கூலியில புடிக்கக் கூடாதுன்னு 1936 சம்பளச் சட்டத்துலயே போட்டிருந்தாங்க. மேனேஜர்கிட்ட சட்டம் பேசினா காரியம் ஆகாது. ரெண்டு நாள் டைம் மட்டும் கேட்டேன்.

கேமராவுல ஒண்ணும் சிக்கல. ட்ரையல் ரூம் டோக்கனும் சரி. அப்புறம் இன்வார்ட் நோட்டைப் பிரிச்சேன். பன்னிரண்டு பண்டல், பண்டலுக்குப் பன்னிரண்டு, மொத்தம் 144. தீபாவளி அவசரத்துல பண்டலைப் பிரிச்சு யாரும் எண்ணலை. இன்வாய்ஸைப் பாத்து அப்படியே 144 பார்கோடு ஸ்டிக்கர் அடிச்சிருக்காங்க.

குடோன்ல ஸ்டிக்கர் ஒட்டுற பையன்கிட்ட, "மிச்சம் ஆனா என்னடா பண்ணுவ?"ன்னு கேட்டேன். "மேசைக்கு அடியில ஒட்டி வச்சிருவேண்ணே, மிஷின் ஜாஸ்தியா அடிச்சிருச்சுன்னு நினைச்சேன்"னான். குனிஞ்சு பாத்தா வரிசையா பதினொண்ணு. அதே ஐட்டம் நம்பர். பீஸ் கடைக்கு வரவே இல்ல!

போட்டோ எடுத்து மேனேஜர் மேசையில வச்சேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "சப்ளையருக்கு லெட்டர் போடுங்க"ன்னார். அவ்வளவுதான். பொண்ணுங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமேன்னு கேட்டதுக்கு, "அதான் புடிக்கலையே"ன்னு பதில் வந்துச்சு. நானே மாடியேறிப் போய்ச் சொன்னேன்.

இப்பல்லாம் பண்டலைப் பிரிச்சு எண்ணி, ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டாத்தான் ஸ்டிக்கர் அடிக்கணும்னு மாத்தியாச்சு. குடோன் ஆளுங்க என்னைத் திட்டுறாங்க. ராத்திரி கடை சாத்தினப்புறம் பின்வாசல்ல நடக்குற பை செக்கிங் மட்டும் மாறலை. அந்த நாலு பொண்ணுங்களும் வரிசையில நின்னு பையைத் திறந்து காட்டிட்டுத்தான் ஹாஸ்டலுக்குப் போறாங்க.