பெயரில்லாத முள்

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள், பெயர் தெரியாத புலவர்கள் சிலரை அவர்தம் பாடலில் வரும் தொடராலேயே குறித்தனர். செம்புலப் பெயனீரார் நமக்குக் கிடைத்தது அப்படித்தான். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம், பெயரைக் கேளாமல் பாட்டை மட்டும் கொண்டு மதிப்பிடும் பக்குவம் எங்களுக்கும் உண்டென்றே நம்பி வந்தோம். இசைத்தட்டுக் கருவியின் முள் ஒன்று அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது.

நாங்கள் மூவர். இருவர் தமிழும் ஒருவர் இயற்பியலும் கற்பிப்பவர்கள். ஞாயிறு மாலைகளில் பழைய தட்டுகளைக் கேட்பது வழக்கம். முள் என்று நாம் பொதுவில் சொல்வது உண்மையில் கார்ட்ரிட்ஜ் எனப்படும் சிறு பெட்டியின் நுனியிலுள்ள வைரத் துணுக்கு. தட்டின் வரிப்பள்ளத்தில் அது அசைய, உள்ளிருக்கும் காந்தமோ கம்பிச்சுருளோ உடனசைந்து ஓரிரு மில்லிவோல்ட் மின்சாரத்தைத் தோற்றுவிக்கிறது. இசை முழுவதும் அதற்குள் அடக்கம்.

எங்களிடம் இருந்தது புகழ்பெற்ற ஜப்பானிய நிறுவனமொன்றின் கார்ட்ரிட்ஜ். அதன் பாதி விலையில், யாரும் கேள்விப்படாத பெயர் தாங்கிய ஒன்றை நண்பரொருவர் அனுப்பி வைத்தார். கேட்டுப் பார்த்தோம். ‘சற்றே மலிவான குரல்’ என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தோம். இயற்பியல் நண்பர் மட்டும் சிரித்தார். அடுத்த வாரம் ஒரே பாடலைப் பல முறை கணினியில் பதிந்து, க, ச, ட என்று பெயரிட்டு வந்தார். நாங்கள் தனித்தனியே குறிப்பெழுதினோம். க வறண்டிருக்கிறது, ச பரவாயில்லை, ட-வில் உயிர் இருக்கிறது, பாடகர் எதிரில் அமர்ந்திருக்கிறார். எங்கள் குறிப்புகளைப் படித்துவிட்டு அவர் சொன்னார்:

“க-வும் ட-வும் ஒண்ணுதான் ஐயா. ட-வுல ஒலிய ஒரு டெசிபல் கூட்டி வச்சேன், அவ்வளவுதான்.”

திறனாய்வு கற்பிக்கும் இருவர் அன்று தேநீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகுதான் ஒழுங்காகக் கேட்கத் தொடங்கினோம். ஒலியளவைச் சமப்படுத்தியபின், தட்டின் வெளிவிளிம்பில் இரு முட்களையும் எங்களால் பிரித்தறிய முடியவில்லை. வேறுபாடு மையத்தை நெருங்கும்போதுதான் வெளிப்பட்டது. நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் வெளிவிளிம்பில் பள்ளம் முள்ளைக் கடக்கும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர். உள்விளிம்பில் அது 21-க்குக் குறைகிறது. அதே ஒலி பாதியினும் குறைந்த இடத்தில் நெருக்கி எழுதப்படுகிறது. கோள வடிவ நுனி அந்த நுண்ணிய வளைவுகளுக்குள் முழுதும் புகாது. நீள்வட்ட நுனி புகும். எம். எஸ். சுப்புலட்சுமியின் 1963-ஆம் ஆண்டு சுப்ரபாதத் தட்டைப் போல ஸகரமும் ஷகரமும் நிறைந்த தட்டு இதற்கு நல்ல உரைகல். கடைசிச் சில நிமிடங்களில் ஸகரம் நொறுங்கிச் சீறுகிறதா, எழுத்தாகவே நிற்கிறதா என்று கேட்டால் போதும். எங்கள் புகழ்பெற்ற முள்ளில் சீறியது. பெயரில்லாத முள்ளில் நின்றது. முன்னது கோளம், பின்னது நீள்வட்டம். காரணம் அவ்வளவே.

கோளமென்றால் மட்டமென்று பொருளில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யுடன் இணைந்து டெனான் 1964-இல் உருவாக்கிய டிஎல்-103-இன் நுனியும் கோளந்தான். அதைப் போற்றாத இசையன்பர் குறைவு. போதாக்குறைக்கு, பெயர்களும் நாம் நினைப்பதுபோல் தனித்தனி ஊற்றுகள் அல்ல. நமிகி, ஒகுரா போன்று கடைக்காரரும் அறியாத பெயர்களே எத்தனையோ புகழ்பெற்ற கார்ட்ரிட்ஜ்களுக்கு வைர நுனியை வழங்கியவை.

இவ்வளவும் தெரிந்தபின் எங்களுக்குக் கொஞ்சம் மமதை வந்தது. பெயரை வென்றுவிட்டோம் என்ற மமதை. அதே பெயரில்லாத முள்ளில் இன்னொன்றை வரவழைத்தோம். எங்களில் ஒருவரின் தாயார் 1970-களில் வாங்கிய சுப்ரபாதத் தட்டு உண்டு. யாருடைய தாயார் என்பது இங்கு முக்கியமன்று. புதிய முள்ளைச் சோதிக்காமலேயே அந்தத் தட்டின்மேல் இறக்கினோம். இடது பக்கம் ஒலி தாழ்ந்திருந்தது. இணைப்புக் கம்பியில் குறையென்று எண்ணி, அதே பக்கத்தை மீண்டும் ஓடவிட்டோம். மூன்றாம் முறை, அந்த ஸகரங்களின் அடியில் மணலை இழுப்பது போன்ற ஓர் ஓசை. உருப்பெருக்கியில் பார்த்தபோது வைரம் சாய்ந்து ஒட்டப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில் சிறு உடைவு. பழைய நல்ல முள்ளை மாட்டிக் கேட்டோம். மணல் அங்கேயே இருந்தது, தட்டில்.

முதல் முள்ளும் இரண்டாம் முள்ளும் ஒரே பெட்டி, ஒரே எழுத்து, ஒரே விலை. புகழ்பெற்ற பெயருக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் குரலுக்கானது அன்று, நூறாவது முள் முதல் முள்ளைப் போலவே இருக்கும் என்ற ஏற்பாட்டுக்கானது என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. குறையுள்ளதைத் தொழிற்சாலையிலேயே கழித்துப்போட ஒருவர் இருக்கிறார். அவருடைய சம்பளம் அந்த விலையில் இருக்கிறது. மலிவு முள்ளில் அந்த வேலையை வாங்குபவர் செய்யவேண்டும். நாங்கள் செய்யவில்லை.

மற்றொன்று, தேய்ந்தால் மாற்று முள் கிடைக்கும் என்ற உறுதி. அதுவும் நிரந்தரமன்று. 1964-இல் வி15-ஐ வெளியிட்ட அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்தியது. அதன் பழைய கார்ட்ரிட்ஜ்களுக்கு முள் செய்து தருவது, தையலூசித் தொழிலில் பிறந்த ஜிகோ என்ற ஜப்பானிய நிறுவனம். ஷூர் என்ற பெயரை அறிந்த எத்தனை பேருக்கு ஜிகோவைத் தெரியும்?

இப்போது எந்த முள் வந்தாலும் முதலில் உருப்பெருக்கியில் பார்க்கிறோம். பிறகு ஒரு மாதம், பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய தட்டுகளில் ஓட்டுகிறோம். முதலில் வந்த அந்தப் பெயரில்லாத முள் இன்னும் நன்றாகவே பாடுகிறது, அதைக் கழற்றவில்லை.

தாயார் அந்தத் தட்டை இன்றும் அதிகாலையில் கேட்கிறார். மணல் ஓசையைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. செவி மங்கியதாலா, எங்கள் முகத்தைப் பார்த்தா என்று நாங்களும் கேட்கவில்லை.